ஜெட்டித் தூண்களுக்குச் சிமென்ட் பூச்சு போதுமா?

கேள்வி: ஐயா, தஞ்சாவூர் மாவட்டக் கடற்கரையில் உள்ள ஒரு மீனவக் கிராமத்தின் சங்கச் செயலாளர் நான். எங்கள் ஜெட்டி (படகு அணையும் மேடை) சுனாமிக்குப் பிறகு கட்டப்பட்டது. கான்கிரீட் தூண்கள் 24. பாதிக்கு மேற்பட்ட தூண்களில் நெடுக்காக வெடிப்பு விட்டு, துரு வடிந்து, சில இடங்களில் கம்பி வெளியே தெரிகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் உள்ளூர் மேஸ்திரியை வைத்து எல்லாவற்றையும் சிமென்ட் கலவையால் பூசினோம். இப்போது பூச்சு பாளம் பாளமாக விழுகிறது. பூசாத இடத்திலும் புதிதாக வெடிக்கிறது. கஜா புயலில் விழுந்த தென்னை மரங்களையும் சவுக்குக் கழிகளையும் ஊன்றி, நாட்டுப்படகுகளுக்காக ஜெட்டியின் முனையைக் கொஞ்சம் நீட்டியிருந்தோம். அதில் தென்னை எல்லாம் போய்விட்டது. சவுக்கு பாதிதான் மிச்சம். தாரும் பழைய எஞ்சின் ஆயிலும் பூசிப் பார்த்தோம், பலனில்லை. ஒரு நிறுவனத்தார் வந்து, கான்கிரீட் தூண்களுக்கு ஃபைபர் உறை மாட்டி உள்ளே கலவை ஊற்றினால் 50 ஆண்டுகளுக்குக் கவலையில்லை என்கிறார்கள். சங்கத்தில் இருக்கும் பணம் 6 லட்சம். ஐஸ் ஏற்றிய குட்டியானை வண்டி தினமும் ஜெட்டி முனை வரை போய் வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: செயலாளர் அவர்களுக்கு வணக்கம்.

இந்தப் பதிலை முழுதாகப் படிப்பதற்கு முன்பே ஒரு காரியம் செய்துவிடுங்கள். குட்டியானை வண்டியை ஜெட்டியின் மேல் ஏறவிடாமல் நிறுத்துங்கள். நுழைவில் இரண்டு கான்கிரீட் கட்டைகளைப் போட்டால் போதும். ஐஸைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகட்டும். ஐஸ் வியாபாரி முணுமுணுப்பார், பரவாயில்லை. கம்பி வெளியே தெரியும் தூண் இன்னும் எவ்வளவு எடை தாங்கும் என்று யாரும் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. கணக்குப் போட்டுப் பார்க்கும் வரை அதன்மேல் வண்டி போகக்கூடாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் இரண்டு நோய்கள் கலந்து கிடக்கின்றன. கான்கிரீட் தூணுக்கு வந்தது வேறு, மரத்தூணுக்கு வந்தது வேறு. இரண்டுக்கும் மருந்தும் வேறு. இதைப் பிரித்தறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. தூண் எந்த உயரத்தில் கெட்டிருக்கிறது என்று பாருங்கள். உயரமே காரணத்தைச் சொல்லிவிடும்.

உங்கள் கடற்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அந்தக் குறுகிய பட்டையிலும் அதற்குச் சற்று மேலே அலை தெறிக்கும் பகுதியிலும்தான் கான்கிரீட் வெடித்திருக்கும். அங்கே தூண் நனைகிறது, காய்கிறது, மறுபடி நனைகிறது. ஒவ்வொரு முறை காயும்போதும் தண்ணீர் போய்விடுகிறது, உப்பு உள்ளே தங்கிவிடுகிறது. காற்றும் தாராளமாகக் கிடைக்கிறது. கான்கிரீட்டுக்குள் கம்பி இப்படித் துருப்பிடிக்க உப்பு, ஈரம், ஆக்சிஜன் மூன்றும் வேண்டும். அந்தப் பட்டையில் மூன்றும் சேர்ந்திருக்கின்றன. எப்போதும் நீருக்குள் இருக்கும் பகுதியில் உப்பு எவ்வளவு இருந்தாலும் ஆக்சிஜன் குறைவு, ஆகவே துரு மெதுவாகத்தான் ஏறும். சேற்றுக்குள் இருக்கும் பகுதியில் இன்னும் குறைவு. மேலே இவ்வளவு கெட்டிருந்தால் தண்ணீருக்கடியில் எப்படி இருக்குமோ என்று பலர் பயப்படுகிறார்கள். கான்கிரீட்டைப் பொறுத்தவரை அந்தப் பயம் பெரும்பாலும் தேவையற்றது.

மரத்தில் கதை தலைகீழ். வற்ற மட்டத்திலிருந்து சேறு வரை உள்ள பகுதிதான் அதற்குப் பெரும்பாலும் ஆபத்தான இடம். அதைப் பிறகு பார்க்கலாம்.

நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மையால் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய காப்புப்படலம் ஒன்று உருவாகி நிற்கும். கடலுப்பிலுள்ள குளோரைடு மெல்ல ஊடுருவிக் கம்பியைத் தொட்டதும் அந்தப் படலம் உடைகிறது. துருவின் கனஅளவு இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இருக்கும். அந்த வீக்கத்துக்கு இடம் இல்லாததால் கான்கிரீட் பிளக்கிறது. வெடிப்பு கம்பியின் போக்கிலேயே, நெடுக்காக ஓடுவதற்குக் காரணம் இதுதான். உங்கள் தூண்களில் குறுக்காகவும் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தூணும் உத்திரமும் சேரும் இடத்துக்குக் கீழே குறுக்கு வெடிப்பு இருந்தால் அது பெரும்பாலும் துருவின் வேலை இல்லை. விசைப்படகு மோதியோ, இழுத்துக் கட்டியோ தூண் வளைந்த அடையாளம். அந்தத் தூண்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

கம்பியை உப்பு எவ்வளவு சீக்கிரம் எட்டும் என்பது கம்பிக்கு வெளியே எத்தனை மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்கிறது, அது எவ்வளவு நெருக்கமானது என்பதைப் பொறுத்தது. அலை ஏறி இறங்கும் பகுதிக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 கேட்பது 75 மி.மீ. கவர் (கம்பிக்கு வெளியே உள்ள கான்கிரீட்டின் தடிமன்), குறைந்தது எம் 40 என்ற வலிமைத் தரம், கனமீட்டருக்கு 360 கிலோவுக்குக் குறையாத சிமென்ட், 0.40-ஐத் தாண்டாத நீர்-சிமென்ட் விகிதம். உங்கள் தூணில் கான்கிரீட் பெயர்ந்த இடத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் பாருங்கள். 30, 40 மி.மீ. கவர் இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். வீட்டுத் தூணுக்கு வாங்கும் கவர் கட்டையையே கடல் தூணுக்கும் வைத்துக் கட்டிய ஜெட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது உங்கள் மேஸ்திரியின் பூச்சு ஏன் விழுந்தது என்று சொல்கிறேன். அவர் கைவேலை மோசமாக இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. துருப்பிடித்த கம்பியின் மேலேயே பூசினால் உள்ளே துரு வளர்ந்துகொண்டே இருக்கும், பூச்சைத் தள்ளிவிடும். இது எல்லோருக்கும் புரியும். பூசாத இடம் ஏன் புதிதாக வெடிக்கிறது என்று கேட்டிருந்தீர்களே, அதுதான் நல்ல கேள்வி. ஒரே கம்பியில் துருப்பிடிக்கும் இடம் ஒரு மின்கலத்தின் ஆனோடாகவும் (அரிபடும் முனை), பக்கத்து இடம் கேத்தோடாகவும் (காக்கப்படும் முனை) செயல்படுகின்றன. கெட்டுக்கொண்டிருக்கும் இடம் தன்னைப் பலி கொடுத்துப் பக்கத்து இடத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தைச் சுத்தமாக வெட்டியெடுத்து உப்பில்லாத புதுக் கலவையை வைத்ததும் அங்கே அரிப்பு நின்றுவிடுகிறது. அதுவரை காப்பாற்றப்பட்டிருந்த பக்கத்துப் பகுதி, ஏற்கெனவே உப்பேறிய பழைய கான்கிரீட்டுக்குள் இருப்பதால், இப்போது அரிக்கத் தொடங்குகிறது. அதனால் ஒட்டுப்போட்ட இடத்தைச் சுற்றி வளையம் போலப் புது வெடிப்பு வருகிறது. நல்ல கலவையால் கவனமாகச் செய்த ஒட்டுவேலையில்கூட இது நடக்கும். கெட்ட இடத்தை மட்டும் சரிசெய்வது என்ற நியாயமான எண்ணம் கடல் கான்கிரீட்டில் மட்டும் பலிப்பதில்லை.

ஆகவே பணத்தைத் தொடும் முன் கணக்கெடுப்பு. தூண்களுக்கு எண் போடுங்கள். வற்ற நேரத்தில் ஒரு சிறு படகில் இரண்டு பேர் போகட்டும். ஒருவர் கையில் அரைக்கிலோ சுத்தியல், மற்றவர் கையில் நோட்டும் சாக்பீஸும். கொட்டலசையும் மட்டியையும் முதலில் சுரண்டி எடுத்துவிட வேண்டும். அவற்றின் மேல் தட்டினால் எல்லாத் தூணும் ஒரே சத்தம்தான் போடும். பிறகு நான்கு பக்கமும், கைச்சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல கான்கிரீட்டில் சுத்தியல் கணீரென்று துள்ளித் திரும்பும். உள்ளே பிளந்திருந்தால் சத்தம் மந்தமாகப் பொத்தென்று விழும், சுத்தியலும் துள்ளாது. அந்த எல்லையைச் சாக்பீஸால் வளைத்துக் கோடு போட்டு, மேல்தளத்திலிருந்து எத்தனை அடி கீழே என்று எழுதிக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியும் வெடிப்பைவிட இந்தக் கோடு எப்போதும் பெரிதாக இருக்கும்.

கம்பி தெரியும் இடங்களில் துருவைக் கொத்தித் தள்ளிவிட்டு வெர்னியரால் விட்டத்தை அளந்து பாருங்கள். 16 மி.மீ. கம்பி 14 மி.மீ. காட்டினால் 'இரண்டு மில்லிமீட்டர்தானே' என்று விடாதீர்கள். குறுக்குப் பரப்பில் அது கிட்டத்தட்ட 23 சதவீத இழப்பு. அந்த அளவுக்குப் போன கம்பிக்குப் பக்கத்தில் புதுக்கம்பி வைத்துத்தான் ஆக வேண்டும். நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டிய வளையக் கம்பிகள் இன்னும் மோசமாக இருக்கும். மெல்லியவை, வெளியே இருப்பவை, ஆகவே முதலில் போவதும் அவைதாம்.

தூணைப் பார்ப்பவர்கள் தலையை நிமிர்த்தி உத்திரத்தின் அடிப்பக்கத்தைப் பார்ப்பதில்லை. அலைத்தெறிப்பில் வந்த உப்பு அங்கேயும் படிகிறது. மழை தூணின் வெளிப்பக்கத்தையாவது கழுவிவிடும். உத்திரத்தின் அடியை எந்த மழையும் கழுவாது. ஆட்களை அங்கேயும் தட்டச் சொல்லுங்கள்.

கூடவே கயிற்றில் ஈயக்குண்டு கட்டி ஒவ்வொரு தூணடியிலும் ஆழம் பாருங்கள். விசைப்படகின் புரொப்பல்லர் தண்ணீரைத் தள்ளித் தள்ளிச் சேற்றை அரித்திருந்தால், படகு அணையும் பக்கத்துத் தூண்களில் ஆழம் கூடியிருக்கும். தூண் மேலே எவ்வளவு நன்றாக இருந்தாலும், பிடிப்பு கொடுக்கும் மண் போய்விட்டால் பயனில்லை. கட்டும்போது தயாரித்த வரைபடம் மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் இருக்க வேண்டும். அன்றைய சேற்று மட்டம் அதில் இருக்கும். கேட்டு வாங்குங்கள்.

இந்தக் கணக்கெடுப்புக்குச் செலவு ஒரு நாள் கூலிதான். அதன் பிறகு இரண்டு சோதனைகளுக்கு வெளியே போக வேண்டும். ஒன்று, வெவ்வேறு ஆழத்தில் துளையிட்டுத் தூள் எடுத்துக் குளோரைடு அளவு பார்ப்பது. இன்னொன்று, கம்பியின் மின்னழுத்தத்தை அளப்பது. தாமிர சல்பேட் மின்முனையோடு ஒப்பிடும்போது மைனஸ் 350 மில்லிவோல்ட்டையும் தாண்டிக் கீழே போனால், அங்கே கம்பி அரித்துக்கொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு உண்டு என்பது வழக்கமான அளவுகோல். நீருக்குள் மூழ்கிய பகுதியில் இந்த அளவு பயமுறுத்தும் எண்களைக் காட்டும். ஆக்சிஜன் இல்லாததால் வருவது அது, அரிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். உங்களுக்கு அருகில் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. கடலரிப்பைப் பற்றி ஆராய்வதற்கென்றே மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் அதற்கு மையங்கள் உண்டு. சங்கத்தின் பெயரில் கடிதம் எழுதிக் கேளுங்கள். சுமை தாங்கும் கணக்குக்குத் திருச்சி என்.ஐ.டி. போன்ற கல்வி நிறுவனம் ஒன்றின் கட்டடப் பொறியியல் துறையை அணுகலாம்.

அறிக்கை வந்த பிறகு தூண்களை மூன்றாகப் பிரியுங்கள். தட்டியதில் நல்ல சத்தம் வந்து, குளோரைடும் கம்பியை எட்டாத தூண்களைத் தொடவே வேண்டாம். மேற்பரப்பில், தண்ணீரை உறிஞ்சவிடாத சிலேன் வகைப் பூச்சு ஒன்றைக் கொடுத்து உப்பு நுழைவதைத் தாமதப்படுத்தினால் போதும். கம்பியில் பாதிக்கு மேல் போன தூணை உறை போட்டுக் காப்பாற்ற முயல்வதைவிட, பக்கத்தில் புதுத் தூண் இறக்கி உத்திரத்தை அதன்மேல் தாங்க வைப்பதே நல்லது. இடையில் இருப்பவைதான் பழுதுபார்க்கத் தகுந்தவை. உங்கள் 6 லட்சம் 24 தூண்களுக்கும் வராது. சில தூண்களை முழுமையாகச் செய்யுங்கள். எல்லாவற்றையும் அரைகுறையாகத் தொடுவதில் லாபமில்லை.

பழுதுபார்க்கும் முறையில் நான் விட்டுக்கொடுக்காத சில விஷயங்கள் உண்டு. உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்துச் சுமையை இறக்கிய பிறகே தூணைக் கொத்த வேண்டும். கொத்தும்போது கம்பியின் முன்பக்கத்தோடு நிறுத்தாமல், கம்பிக்குப் பின்னாலும் விரல் நுழையும் அளவு, அதாவது 20 முதல் 25 மி.மீ. வரை, வெட்டியெடுக்க வேண்டும். மேலும் கீழுமாகத் துரு இல்லாத கம்பி தெரியும் வரை போக வேண்டும். ஓரங்களைச் சீவிவிட்டது போல மெலிதாக முடிக்காமல், கட்டர் வைத்துச் செங்குத்தாக வெட்ட வேண்டும். மெலிந்த ஓரம்தான் முதலில் பெயரும். கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பது கண்துடைப்பு. கம்பியில் விழுந்த குழிகளுக்குள் உப்பு ஒளிந்திருக்கும். மணல் பீச்சியோ, அழுத்தம் கொடுத்த நல்ல தண்ணீரைப் பீச்சியோதான் அதை எடுக்க முடியும்.

அடுத்தது துத்தநாகம். நான் மேலே சொன்ன வளைய வெடிப்பைத் தடுக்க இதுதான் வழி. ஒட்டின் ஓரங்களில், பழைய கான்கிரீட்டை ஒட்டினாற்போல, துத்தநாகக் கட்டிகளைக் கம்பியோடு இறுகக் கட்டிவிடுவார்கள். கம்பிக்குப் பதிலாகத் துத்தநாகம் அரிபட்டுத் தீரும். படகின் அடியில் எஞ்சின் பக்கமாகத் துத்தநாகத் தகடு பொருத்துவீர்களே, அதே வேலைதான். இதற்குக் கட்டியும் கம்பியும் மின்தொடர்பில் இருக்க வேண்டும், சுற்றியுள்ள கலவையும் மின்னோட்டத்தை விட வேண்டும். கம்பிக்கு மின்சாரத்தைக் கடத்தாத எபாக்சி (பிசின் வகை) பெயின்ட் அடித்து, எபாக்சிக் கலவையால் அடைத்துவிட்டு, நடுவே துத்தநாகத்தை வைத்தால் அது சும்மா உட்கார்ந்திருக்கும். இரண்டையும் சேர்த்து விலைப்பட்டியல் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்; கவனம்.

பிறகு உறை. வற்ற மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே தொடங்கி உத்திரத்தின் அடி வரை, தூணைச் சுற்றி ஃபைபர் அச்சு மாட்டி, புதுக் கம்பிகளுக்கு வெளியே 75 மி.மீ. கவர் வரும்படி மைக்ரோ கான்கிரீட் (பொடி ஜல்லி கலந்த, தானாகவே பாய்ந்து நிறையும் கலவை) நிரப்ப வேண்டும். மேலிருந்து கொட்டக்கூடாது. குழாயை அச்சின் அடி வரை இறக்கிக் கீழிருந்து நிரப்பிக்கொண்டே வந்தால் கடல்நீர் மேலே தள்ளப்பட்டு வெளியேறிவிடும். நீரில் கரைந்துபோகாமல் இருக்கத் தனிச் சேர்மானம் உண்டு, அதைச் சேர்க்கச் சொல்லுங்கள். உப்பு ஊடுருவுவதைத் தடுப்பதில் சாதாரண சிமென்ட்டைவிட ஸ்லாக் (இரும்பாலைக் கசடு) கலந்த சிமென்ட் மேல். கலக்கும் தண்ணீர் குடிதண்ணீராக இருக்கட்டும். 'கடலுக்குள் போகிற கான்கிரீட்தானே' என்று கழிமுகத் தண்ணீரில் கலக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. உப்பு வெளியிலிருந்து வர இருபது ஆண்டுகள் ஆகலாம். தண்ணீரிலேயே கலந்து வைத்தால் முதல் நாளே கம்பியைத் தொட்டுவிடும்.

இனி அந்த நிறுவனத்தாரின் 50 ஆண்டு வாக்குறுதி. ஃபைபர் உறை நல்ல பொருள்தான். உள்ளே என்ன செய்யப்பட்டது என்பதுதான் கேள்வி. உப்பேறிய கான்கிரீட்டையும் துருவையும் அப்படியே விட்டு மேலே உறை மாட்டினால், அரிப்பு நிற்காது. தெரியாமல் போகும், அவ்வளவுதான். வெளியே பளபளப்பாக இருக்கும். சுத்தியலால் தட்டிப் பார்க்கவும் முடியாது. அமெரிக்காவின் புளோரிடாவில் கடல் பாலத் தூண்களுக்கு வெறும் உறை போட்டுப் பார்த்து, உள்ளே அரிப்பு தொடர்வதைக் கண்டபின், துத்தநாக வலையை உள்ளேயே வைத்த உறைகளைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். ஆகவே அந்த நிறுவனத்தாரிடம் எழுத்தில் கேளுங்கள்: கம்பிக்குப் பின்னால் எத்தனை மி.மீ. வெட்டுவீர்கள், துத்தநாகம் எத்தனை கிலோ வைப்பீர்கள், அது எத்தனை ஆண்டில் தீரும், உத்தரவாதம் உறைக்கா அல்லது உள்ளே இருக்கும் கம்பிக்கா? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில் 50 ஆண்டு எவ்வளவு சுருங்குகிறது என்று பாருங்கள்.

உங்கள் பாக் கடலிலேயே பாம்பன் பழைய ரயில் பாலம் 1914 முதல் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நின்றது. ஓயாமல் சுரண்டி, பெயின்ட் அடித்து, கெட்ட பாகத்தை மாற்றிக்கொண்டே இருந்ததால் நின்றது. கடைசியில் அரிப்பு முற்றி 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் என்ற அரிப்புத் தடுப்புப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். உங்கள் ஜெட்டிக்குப் புதுத் தூண் இறக்கும் நிலை வந்தால், எல்லாக் கம்பியையும் அப்படி வாங்க முடியாது என்றாலும், அலை படும் உயரத்துக்கு மட்டுமாவது அந்த எஃகைக் கேட்டுப் பாருங்கள்.

மரத்தூண்களுக்கு வருகிறேன். தென்னை போனதில் வியப்பில்லை. வெளிவட்டம் மட்டுமே கடினம், நடுவே பஞ்சு; நீரில் நிற்க ஏற்ற மரமே இல்லை. புயலுக்குப் பிறகு கையில் கிடைத்ததை ஊன்றினீர்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சவுக்கை என்ன தின்றது என்று பார்ப்போம். மிச்சமிருக்கும் கழிகளில் ஒன்றைப் பிடுங்கிக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். வெளியே குண்டூசி முனை அளவுத் துளைகள் மட்டும் இருந்து, உள்ளே சுண்ணாம்புப் பூச்சுப் போட்ட வழவழப்பான சுரங்கங்கள் விரல் தடிமனுக்கு ஓடினால் அது கப்பல் புழு. பெயர்தான் புழு, உண்மையில் மட்டியின் உறவு. குஞ்சாக இருக்கும்போது நுழைந்து, உள்ளேயே வளர்கிறது. அதனால்தான் நேற்றுவரை முழுதாக நின்ற தூண் இன்று கயிறு கட்டியதும் முறிகிறது. அப்படி இல்லாமல், தூண் வெளியிலிருந்து அரிக்கப்பட்டு, அலை படும் உயரத்தில் உடுக்கை போல இடை சிறுத்திருந்தால், அது லிம்னோரியா, ஸ்பெரோமா போன்ற சிறு ஓட்டுயிர்களின் வேலை. கழிமுகத்துக்கு அருகே, உப்புக் குறைந்த நீரில் ஸ்பெரோமாவைத்தான் அதிகம் பார்க்கலாம்.

உங்கள் தாத்தாக்களின் கட்டுமரங்களைக் கப்பல் புழு அவ்வளவாகத் தொடாததற்குக் காரணம், கரைக்கு வந்ததும் கட்டைகளை அவிழ்த்து மணலில் காயப்போட்டதுதான். உள்ளே நுழைந்த குஞ்சு காய்ந்து செத்துவிடும். ஜெட்டித் தூணைக் கரையேற்றிக் காயப்போட முடியாது. ஆகவே அதே காரியத்தை வேறு வழியில் செய்ய வேண்டும்: மூச்சை அடைப்பது. தடித்த பி.வி.சி. அல்லது பாலிஎத்திலீன் தாளால் தூணை இறுகச் சுற்றினால், தாளுக்கும் மரத்துக்கும் இடையே சிக்கிய நீரில் ஆக்சிஜன் தீர்ந்து, உள்ளே இருப்பவை செத்துவிடும்; புதிதாக எதுவும் நுழைய முடியாது. சுற்றுவது சேற்றுக்கு அரை மீட்டர் கீழே தொடங்கி ஏற்ற மட்டத்துக்கு மேலே முடிய வேண்டும். சேற்றின் மேலோடு நிறுத்தினால், ஒரு பருவத்தில் சேறு இறங்கியதும் அந்த இடைவெளி வழியாக நுழைந்துவிடும். ஆணியும் பட்டையும் 316 தர எவர்சில்வராக இருக்கட்டும். இன்னும் உறுதியாக வேண்டுமானால், கழியைவிடப் பெரிய விட்டமுள்ள எச்.டி.பி.இ. என்ற கெட்டிப் பிளாஸ்டிக் குழாயை உறையாக இறக்கி, இடைவெளியைச் சிமென்ட் பாலால் நிரப்பலாம். விவசாயப் பைப் கடையிலேயே கிடைக்கும்.

தாரும் எஞ்சின் ஆயிலும் இனி வேண்டாம். தூரிகையால் தடவுவது மரத்துக்குள் இறங்குவதே இல்லை. படகு ஒரு முறை உரசினால் போய்விடும், அந்தக் கீறல் போதும் புழுவுக்கு. மருந்தேற்றிய மரம் வேண்டுமானால் ஆலையில் அழுத்தம் கொடுத்து ஏற்றியதாக வாங்க வேண்டும். ஊன்றிய பிறகு அதை அறுக்கவோ துளையிடவோ கூடாது. வெட்டிய முகத்தில் மருந்தில்லாத மரம் வெளியே வந்துவிடும். ஆயில் வடிவது இன்னொரு தொல்லை. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரம் 2022 முதல் கடற்பசுப் பாதுகாப்பகம், சுமார் 448 சதுர கிலோமீட்டர். கடற்பசு மேயும் கடல்புல் படுகை உங்கள் ஜெட்டிக்கு அருகிலேயே இருக்கக்கூடும்.

என்னைக் கேட்டால், நீட்டிய முனையை மறுபடி மரத்தால் கட்டவே மாட்டேன். நாட்டுப்படகு அணைய மிதவை மேடை போதும். காற்றடைத்த எச்.டி.பி.இ. கட்டிகளைக் கோத்து, இரண்டு மூன்று வழிகாட்டித் தூண்களில் வளையம் போட்டு விட்டால் ஏற்றத்தோடு ஏறும், வற்றத்தோடு இறங்கும். புயல் எச்சரிக்கை வந்தால் கழற்றிக் கரைக்கு இழுத்துவிடலாம். கஜாவைப் பார்த்த ஊருக்கு இதன் அருமை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மோதல் வெடிப்பு உள்ள தூண்களைப் பற்றி ஒன்று. இந்தக் கரையோரத்தில் பழைய பஸ் டயரை இரும்புச் சங்கிலியால் தூணிலேயே கட்டித் தொங்கவிடும் வழக்கம் உண்டு. சங்கிலி அலைக்கேற்ப ஆடி ஆடித் தூணின் முனையைத் தேய்க்கும், துருவும் சேரும். டயரை நைலான் கயிற்றில், உத்திரத்தின் முகப்பில் தொங்கவிடுங்கள். படகு தள்ளும் விசை உத்திரத்தின் வழியாக எல்லாத் தூண்களுக்கும் பகிரப்பட வேண்டும், ஒரு தூணின் இடுப்பில் விழக்கூடாது.

வேலைக்கு ஏற்ற காலம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், உங்கள் பக்கத்துக் கடலும் வடகிழக்குப் பருவத்தில் இருப்பது போலக் கொந்தளிக்காது. படகுகளை வேறிடத்தில் கட்டினால் ஜெட்டி முழுவதும் வேலையாட்களுக்குக் கிடைக்கும். ஆனால் அனுமதி முன்பே வேண்டும். ஜெட்டி அரசுச் சொத்து என்றால் சங்கம் தன்னிச்சையாகத் தூணைக் கொத்தக்கூடாது. புதுத் தூண் இறக்குவதும் முனையை நீட்டுவதும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளுக்குள் வரும். பழைய மரமுனைக்கு அனுமதி வாங்கினீர்களா என்று நான் கேட்கப் போவதில்லை, அதிகாரிகள் கேட்பார்கள். தட்டிப் பார்த்த கணக்கு, புகைப்படங்கள், சோதனை அறிக்கை எல்லாவற்றையும் இணைத்து மீன்வளத் துறைக்கு மனுக் கொடுங்கள். சேதம் எண்களாகத் தாளில் இருந்தால் திட்ட நிதியிலிருந்து பழுதுபார்க்கக் கேட்பதும் எளிது; அப்படி நிதி கிடைத்தால் சங்கத்தின் 6 லட்சத்தை மிதவைக்கு வைத்துக்கொள்ளலாம். தூண் எண், வெடிப்பின் உயரம், நெடுக்கா குறுக்கா, கம்பியின் விட்டம், அடியில் ஆழம் என ஐந்து பத்திகள் போட்ட நோட்டு தயாரானதும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். எந்தெந்தத் தூணிலிருந்து தூள் எடுக்க வேண்டும் என்று குறித்துத் தருகிறேன்.